மூக்கு அழுவுது

அக்கா,

இன்று காலை காய்ந்த இறாலை வறுத்தேன். முத்துப்பேட்டையிலிருந்து, உங்கள் பிறந்த வீட்டிலிருந்து, இப்போதும் பொட்டலம் வருகிறது. வாசனை கூடத்துக்கு எட்டியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. கூடவே நம் சண்டையும்.

தப்பு உங்கள் பேரில்தான். இன்றும் அதைத்தான் சொல்வேன். என் அம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தபோதே, "இவ வச்ச குழம்பு வாய்க்கா தண்ணியாட்டம் ஓடுது" என்றீர்கள். ஒரே வீட்டில் வாக்கப்பட்ட ஓரகத்திகள் நாம், அன்றோடு பேச்சு நின்றது. பேசாத வீட்டில் பிள்ளைதானே தூது! என் மகள், நான்கு வயது கவிதா, அடுப்படிக்கும் கொல்லைக்கும் அலைந்தாள். "பெரியம்மாவ சாப்புட வரச் சொல்லு." "பசிக்கலையாம், அம்மா."

முதலில் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். பிறகு பதில் கேட்கும்போது அண்ணாந்து நம் முகத்தையே பார்க்க ஆரம்பித்தாள். பசிக்கவில்லை என்று வாய் சொல்லும்போது கண் ஏன் சோற்றுப் பானை பக்கம் போகிறது என்பது அவளுக்குப் பெரிய அதிசயம்.

அதற்குள் நீங்கள் தனி அடுப்புக்குச் செங்கல் இறக்கிவிட்டீர்கள். அடுப்பு பிரிந்தால் அப்புறம் வீடு ஏது? ஆனாலும் வீம்புக்கு, "நல்லா போட்டுக்கச் சொல்லு, எனக்கென்ன" என்று அனுப்பினேன். போன கவிதா திரும்பி வந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

"பெரியம்மா சரின்னாங்க. ஆனா அவங்க மூக்கு அழுவுதும்மா."

கொல்லைக்கு ஓடிவந்தேன். மூக்கு நுனி சிவக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள். "என்னடி பாக்குற? குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு, போ!" அந்தச் செங்கல்லில் கோழிக்கூடு கட்டினோம்.

பல வருஷம் கழித்து, கடைசியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து போனில், "நல்லாத்தாண்டி இருக்கேன், நெல்லு அறுப்ப முடிச்சிட்டு மெதுவா வா" என்றீர்கள். நானும் நம்பிவிட்டேன். உங்களோடு இருந்த கவிதா வெளியே வந்து மறுபடி கூப்பிட்டாள். "அம்மா, பெரியம்மா மூக்கு அழுவுது." அறுப்பை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நீங்கள் கண்ணை மூடுமுன் ஒரு சாயங்காலம் முழுக்க, நடுவில் தூது இல்லாமல், கையைப் பிடித்துக்கொண்டு பேசினோம். அது போதும் அக்கா.

நேற்று கும்பகோணத்திலிருந்து கவிதா போன் செய்தாள். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றாள். அதனால்தான் விடிந்ததும் இறாலை வறுத்தேன். தூக்குச்சட்டியில் போட்டு மூடிவிட்டேன். பஸ் வரும் நேரமாகிறது. போய் அவள் மூக்கைப் பார்க்க வேண்டும்.