பசைவாளி ஆயுதம் அல்ல, என் மாப்பிள்ளை தீவிரவாதி அல்ல

அனுப்புநர்:
தையல் மெஷின் பழுது பார்ப்பவர் (தெருவுக்கே மாமா),
விளம்பரச் செயலாளர், வார்டு முன்னேற்ற அணி,
தபால் நிலையத்துக்கு எதிர்மாடி.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
பொது அமைதிப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: பழைய நெறி அணித் தலைவரான பள்ளி வேன் ஓட்டுநரின் பெயரைத் தீவிரவாதிகள் பட்டியலிலிருந்து நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: (அ) தேர்தலுக்கு முன் நான் அச்சடித்த நோட்டீஸ். (ஆ) அதை அப்படியே நம்பித் தங்கள் அலுவலகம் போட்ட உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். தாங்கள், தங்கள் நாற்காலி, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி மூவரும் கூடி உட்கார்ந்து யோசித்தாலும் நம்பமாட்டீர்கள்.

1. எங்கள் வார்டில் ஒரே கட்சிக்குள் இரண்டு அணிகள். முன்னேற்ற அணிக்கு நான் வாய். பழைய நெறி அணிக்கு என் தங்கையின் கணவர் தலை. வார விடுமுறையில் கடைகள் மூடியிருக்க வேண்டும், தெருவின் பழைய பெயரை மாற்றக்கூடாது, ஆசிரியர் வந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும் என்பவை அவர்கள் கொள்கை. இவற்றில் ஒன்றையும் நான் ஒப்புக்கொண்டவன் அல்ல. பதினெட்டு வருடமாக அவர் வீட்டு மேஜையில் சாப்பிட்டுக்கொண்டேதான் ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறேன்.

2. தேர்தல் வந்தால் இரு அணியும் ஒன்றையொன்று தாளித்து நோட்டீஸ் ஒட்டுவது வழக்கம். அச்சுக்குப் போகுமுன் என்னுடையதை அவரும் அவருடையதை நானும் பிழை திருத்திக் கொடுப்பதும் வழக்கம். போன தேர்தலில், நான் நாட்டையே பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று எழுதினார். "பழைய பேப்பருக்கும்" என்று நானே சேர்த்துக் கொடுத்தேன். இந்த முறை, அவர்கள் தீவிரவாதிகள் என்றும், நாற்பதாயிரம் பேர் கொண்ட படையும் ஆயுதக் கிடங்கும் வைத்திருப்பதாகவும் எழுதினேன். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நாப்பதாயிரம் பத்துமா மச்சான்? அம்பதுன்னு போடேன்" என்றார். போட்டேன்.

3. தங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது போலும். ஐம்பதாயிரம் பேரைத் தேடி நான்கு வண்டிகளில் வந்தார்கள். கிடைத்தவர்கள் பதினொரு பேர். அதில் இருவர் டீக்காக வருபவர்கள். ஒருவருக்கு இது எந்த அணியின் கூட்டம் என்பதே இன்றுவரை தெரியாது. கிடங்கில் இருந்தவை ஓர் ஏணி, ஓர் ஒலிபெருக்கி, ஒரு பசைவாளி. பசைவாளிக்கு அரக்கு முத்திரை வைத்து, இருவர் காவலோடு கொண்டுபோனார்கள். உள்ளே பசை இந்நேரம் பாறையாகியிருக்கும். அதை ஆயுதம் என்று சொல்ல இப்போதுதான் தங்களுக்கு நியாயம் பிறந்திருக்கிறது.

4. சிரிப்பு இத்தோடு சரி, ஐயா. பட்டியலில் பெயர் ஏறியதால் மாப்பிள்ளையின் நன்னடத்தைச் சான்றிதழ் நிறுத்தப்பட்டது. பள்ளி நிர்வாகம் வேன் சாவியை வாங்கிக்கொண்டது. வரும் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் பெயர் நீங்காவிட்டால் வேலை போனது போனதுதான். அவரோ தினமும் காலை ஆறரைக்குச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேறொருவர் ஓட்டும் அந்த வேன் தெருவில் ஹாரன் அடித்தால், "கியரை மாத்தாம இழுக்கிறான் பாரு" என்று சுவரிடம் சொல்கிறார். என் தங்கை, "உனக்கு வாய் கொழுப்புண்ணே, அதுக்கு எங்க வீட்டு அடுப்பா அணையணும்?" என்றாள். நேற்றுவரை மாமா, மாமா என்று சுற்றிவந்த தங்கை மகள், "அவர் வந்திருக்காரும்மா" என்று உள்ளே குரல் கொடுக்கிறாள். நான் காலையிலிருந்து ஒரே மெஷினை மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு திருகாணி மிச்சமாகிறது.

5. பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பதே தீவிரவாதம் என்றால், இந்த ஊரில் பாதிப்பேரை உள்ளே வைத்து, மீதிப்பேரைக் காவலுக்கு நிறுத்த வேண்டிவரும். மாப்பிள்ளை ஓட்டுக் கேட்டார், தோற்றார், ஜெயித்த எங்களுக்குக் கை கொடுத்தார், மறுநாள் காலை வேனை எடுத்தார். தீவிரவாதி செய்கிற காரியமா இது? அவர் கொள்கை தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேச எனக்கு வாய் இருந்தது. அதற்குச் சோம்பல்பட்டு, ஒரே சொல்லை எடுத்து வீசினேன். அது கையெறிகுண்டு மாதிரிச் சொல், ஐயா. வீசியவன் வேடிக்கைக்கு வீசினேன் என்றால் அது கேட்காது.

6. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அவர் பெயரை நீக்கி, சான்றிதழ் வழங்கி ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். பட்டியலில் ஓர் இடம் காலியாக இருக்கக்கூடாது என்று விதி இருந்தால், பொய்ப் பிரசாரம் என்ற தலைப்பில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆட்சேபணை இல்லை.

7. நோட்டீஸில் மொத்தம் பதினான்கு வரிகள். பதின்மூன்று நான் ஊதிவிட்ட வெறும் காற்று. ஒன்பதாவது வரி, வெளியூரிலிருந்து வந்து குடியேறிய சலவைக்கடைக்காரரின் கதவில், "ஒரு வாரத்தில் கிளம்பு, இல்லையேல் கொளுத்துவோம்" என்று பழைய நெறி அணிக்காரர் ஒருவர் எழுதியதைப் பற்றியது. தங்கள் ஆட்கள் பசைவாளியை விசாரித்தார்கள்; சலவைக்கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் இன்னும் பாதிக் கதவைத்தான் திறக்கிறார். எழுதியவரை மாப்பிள்ளை அன்றே அணியிலிருந்து விலக்கினார். மூன்றாம் நாள் அந்த ஆள் முப்பது ஓட்டுகளோடு எங்கள் அணிக்கு வந்தார். சேர்க்கைப் படிவத்தில் முன்மொழிந்த கையெழுத்து என்னுடையது. அதற்குப் பிறகுதான் நோட்டீஸ் எழுதினேன், பழியை மாப்பிள்ளை பக்கமே வைத்து. பிழை திருத்தும்போது மாப்பிள்ளை அந்த வரிக்கு மட்டும் சிரிக்கவில்லை. "இது விளையாட்டு இல்ல மச்சான், எடுத்துடு" என்றார். நான் எடுக்கவில்லை. கதவில் எழுதியவரின் பெயரும் முகவரியும் தனி உறையில் இணைத்துள்ளேன். அந்த ஒரு வரி மட்டும் உண்மை, ஐயா.

இடம்: பழுது பார்க்கும் மேஜை
நாள்: புதன்கிழமை, முற்பகல்

இப்படிக்கு,
உட்கார முடியாமல் நின்றபடியே கையெழுத்திடும்,
மேற்படி மெஷின்காரன்