நீங்கள் இல்லாதபோது வீட்டை ஆண்டவர்கள்

இன்று காலை பின்தெருவில் ஒரு ரிக் வண்டி வந்து நின்று ஆழ்துளைப் போர் போட ஆரம்பித்தது. நனைந்த கல்தூள் வாசமும் டீசல் புகையும் சமையலறை வரைக்கும் வந்தன. பருப்பு கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. வடக்கே மாதக்கணக்கில் ரிக் வண்டியோடு அலைந்துவிட்டு, அந்த வாசத்தோடுதான் நீங்கள் வீடு திரும்புவீர்கள். எத்தனை முறை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. அதோடு சேர்ந்து, நீங்கள் ஒருநாள் என்னிடம் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தது.

"ஏம்புள்ள, நான் இல்லாதப்ப இந்த அதிகாரத்தையெல்லாம் உங்களுக்கு ஆரு கொடுத்தது?"

கோபத்தில் கேட்டீர்கள். நான் வரலாற்று டீச்சர் இல்லையா, அமெரிக்காவில் குடியேறிய இங்கிலீஷ்காரர்களின் கதையைப் பதிலாக ஆரம்பித்தேன். நீங்கள் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டீர்கள். பின்னால் சமாதானம் ஆகிவிட்டதால் மீதியைச் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஊர் ஊராகக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே மோட்டார் எரியும், எருமை கன்று போடும், பையனுக்குக் காய்ச்சல் வரும். எதுவும் உங்களுக்காகக் காத்திருக்காது. நீங்கள் டெலிபோன் பூத்திலிருந்து பேசும்போது விஷயம் பழையதாகியிருக்கும். ஒருமுறை, "மேக்காலக் காட்டுல ஆமணக்குப் போட்டுருங்க" என்றீர்கள். அங்கே அதற்குள் கடலைக்கொடி முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. "சரிங்க" என்றேன். பக்கத்தில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த தடவை பேசும்போது ஆமணக்கு உங்களுக்கும் மறந்துபோயிருந்தது.

அந்த அமெரிக்கக் குடியேறிகளுக்கு லண்டனிலிருந்து போன உத்தரவுகளின் கதியும் பெரும்பாலும் இதுதான். கப்பல் போய்ச் சேர வாரக்கணக்காகும். காற்று ஒத்துழைக்காவிட்டால் மாதக்கணக்கு. உத்தரவு கரையேறும்போது அந்த ஊர்க்காரர்கள் காரியத்தை முடித்திருப்பார்கள். வியாபாரச் சட்டங்கள் காகிதத்தில் கடுமையாக இருந்தன. ஆனால் வாணிபம் நன்றாக நடந்து லாபம் வருகிறவரை, சட்டத்தை மீறிச் சரக்கு இறங்குவதைப் பலர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்கள். சாலை எங்கே போடுவது, உள்ளூர் வரி எவ்வளவு என்று குடியேறிகளின் சபைகளே கூடிப் பேசிப் பழகின.

எங்கள் சபை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும். விதைக்கடலை உரிக்க நானும் பிள்ளைகளும், களை எடுக்க வருகிற அம்மாவும் உட்காருவோம். அந்த வாரம் முடிவு செய்யவேண்டியதை நடுவில் போடுவேன். சின்னவன் முதலில் பேசவேண்டும், அப்புறம் மகள், கடைசியில் நான். நான் முதலில் பேசினால் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல "ஆமாங்கம்மா" என்று சொல்லிவிடுவார்கள். அதற்காக வைத்த வழக்கம். நாளாக நாளாக, ஞாயிற்றுக்கிழமை பேசாமல் எதையும் செய்யக்கூடாது என்று பிள்ளைகளே எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

உங்களுக்கும் சந்தேகம் வராமலில்லை. எங்களைக் கவனித்துக்கொள்ள உங்கள் தம்பியை ஏற்பாடு செய்தீர்கள். பாவம், அவர் ஒண்டிக்கட்டை; மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில். "அண்ணனுக்கு என்ன சொல்லோணுமோ அதை நீங்களே சொல்லிக் குடுங்க அண்ணி, இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்பார். நீங்கள் பூத்திலிருந்து கேட்டால், "எல்லாம் நீங்க சொன்னாப்புலதான் நடக்குதுங்கண்ணா" என்று சத்தமாகச் சொல்வார். அமெரிக்காவிலும் பல இடங்களில், மன்னர் அனுப்பிய கவர்னருக்குச் சம்பளம் ஒதுக்கவேண்டியது அந்த ஊர்ச் சபைதான். சபையை முறைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் இருக்கமுடியும்? வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் தம்பியும் அவருடைய குழம்புக் கிண்ணமும் நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

முதுகு வலி தாங்காமல் நீங்கள் வேலையை விட்டு வீட்டோடு வந்த வருடம்தான் சிக்கல். வந்ததும் கேட்டில் நின்று தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தீர்கள். தண்ணீர் போதாது என்று, யாரையும் கேட்காமல், நிலத்தடி நீரோட்டம் பார்த்துப் பாயிண்ட் சொல்கிறவரைக் கூட்டிவந்தீர்கள். அவர் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, கிழக்குத் தோட்டத்துக்காரர் கிணற்றை ஒட்டிய நம் வரப்போரமாக நின்றார். நாங்களோ அந்தப் பக்கம் போர் போடுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். நம் மோட்டார் எரிந்த கோடையில் பயிரைக் காப்பாற்றியது அந்தத் தோட்டத்துக்காரர் கிணற்றுத் தண்ணீர். அதற்குப் பக்கத்திலேயே துளை போட்டு, அவர் ஊற்று வற்றிப்போனால் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது? போடமாட்டோம் என்று அவருக்கு வாக்கும் கொடுத்திருந்தோம்.

உங்களுக்கு அது தெரியாது. உங்கள் பழைய கூட்டாளியின் ரிக் வண்டி ஒரு சனிக்கிழமை தோட்டத்து வாசலில் வந்து நின்றது. மகள் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"நாடு பூரா போர் போட்டவன் நானு. என்ற சொந்தக் காட்டுல போட உங்களைக் கேக்கோணுமா?"

"கேக்கோணுமுங்கப்பா," என்றான் சின்னவன். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை. வந்து பேசுங்க."

உங்கள் கூட்டாளி வண்டியிலிருந்து எட்டிப்பார்த்து, "ஏனப்பா, ஊட்டுலயே பஞ்சாயத்தா? நான் வண்டியை எடுக்கவா, நிறுத்தவா?" என்றார். அந்த அவமானத்தில்தான் உங்களுக்கு அந்தக் கேள்வி வந்தது, அதிகாரம் யார் கொடுத்தது என்று.

நான் அன்று சொல்லாமல் விட்ட விடை இதுதான். யாரும் கொடுக்கவில்லை. நீங்கள் தொலைவில் இருந்தீர்கள். எங்களை நம்பினீர்களோ, நேரமில்லையோ, விட்டுவிட்டீர்கள். நாங்கள் செய்து செய்து பழகிவிட்டோம். பழகியதை எங்கள் உரிமை என்றே நினைக்க ஆரம்பித்துவிட்டோம். அந்தக் குடியேறிகளுக்கும் அப்படித்தான். பிரான்சோடு பெரிய யுத்தம் ஒன்றை நடத்திக் கடன்பட்ட பிறகு லண்டன் பிடியை இறுக்கியது. முத்திரை வரி போட்டது, சுங்கத்தைக் கறாராக வசூலித்தது. சட்டப்படி தனக்கு உரியதைத்தான் கேட்பதாக அது நினைத்தது. கேட்காமல் நம்மீது வரி போடுவதா என்று அவர்கள் கொதித்தார்கள். தொகையைவிட அதுதான் அவர்களுக்கு உறுத்தியது. கடைசியில் துப்பாக்கி பேசியது; அமெரிக்கா தனி நாடாகப் பிரிந்தது.

சனிக்கிழமை முழுக்க எனக்கு அதே பயம். நம் வீடு இரண்டாகப் போய்விடுமோ என்று. நீங்கள் சாப்பிடவில்லை. மகளும் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் கடலைக்காயைக் கொட்டி உட்கார்ந்தோம். நீங்கள் கொஞ்ச நேரம் வாசலில் நின்றீர்கள். அப்புறம் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, பலகையை இழுத்துப் போட்டு, சின்னவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"எனக்கு எப்பங்க முறை?"

"நீங்க கடைசிங்கப்பா. அம்மாவுக்கும் பொறகு," என்றான் அவன்.

முறைப்படி எல்லாரும் பேசி முடித்தபோது உங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. தோற்றீர்கள். ஆனாலும் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, வருடக்கணக்காக எங்களோடு உட்கார்ந்து கடலை உரித்த, களை எடுக்க வருகிற அம்மாவைக் காட்டி, "இவங்களை ஆரும் கேக்கலையே?" என்றீர்கள். அமெரிக்கச் சபைகளில் பெண்களுக்கு இடமில்லை, அடிமைகளுக்கு இடமில்லை, அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு இடமில்லை என்று வருடாவருடம் பாடம் நடத்தியவள் நான்.

"என்னையுங்களா?" என்று சிரித்தார் அந்த அம்மா. "கெழக்கத் தோட்டத்துல இருந்து கொடம் தூக்கறது நானுங்க சாமி. போர் போட்டாத்தான் எனக்கு நல்லது."

"பாத்தீங்களா, எனக்கும் ஒரு ஆளு இருக்குது!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். சனிக்கிழமையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று வீட்டில் திறந்துகொண்டது. கடைசியில், கிழக்குத் தோட்டத்துக்காரரைக் கேட்டு அவர் கிணற்றிலிருந்து நம் தொட்டிக்குக் குழாய் இழுப்பது என்று ஆனது. சனிக்கிழமையிலிருந்து தோட்டத்து வாசலில் நின்ற ரிக் வண்டியை நீங்களே திருப்பி அனுப்பினீர்கள். ரிக் வண்டியை நீங்களே திருப்பி அனுப்பினீர்கள்.

ஒரு பெரிய சாம்ராஜ்யத்துக்கு வராத புத்தி அது. நாற்காலியை விட்டு இறங்கி, தான் இல்லாதபோது வளர்ந்த சபையில் கடைசி ஆளாக உட்காருவது.

போன மாதம் பெங்களூரிலிருந்து சின்னவன் பேசினான். பேத்தியை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்களாம். முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுருக்கென்றது. நீங்கள் அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. "பேத்திக்குப் பிடிச்சிருக்குதா சாமி?" என்று மட்டும் கேட்டேன். அரைமணி நேரம் அதைப்பற்றியே சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தான். நீங்கள் எனக்கு விட்டுப்போனது இந்தப் புத்திதான்.

இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒன்று: உங்கள் வீட்டில் ஒரு காரியத்தை முழுதாக இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம், எப்படிப் போகிறது என்று கேட்காமல் இருந்து பாருங்கள்.