நாற்பத்திரண்டு நாள் கூட்டல்

ஜனவரி 14

ரத்த வங்கிக்கு நாங்கள் எழுதித் தரும் மென்பொருளில், ரத்ததான முகாம்களிலிருந்து வரும் தேதிகள் இன்றும் உயிரை வாங்கின. ஒருவர் நாளை முன்னால் போடுகிறார், ஒருவர் மாதத்தை. இன்னொருவர் 'ஜன. பதினாலு' என்று எழுத்திலேயே எழுதுகிறார். ரத்தம் எடுத்த தேதியோடு நாற்பத்திரண்டு நாள் கூட்டினால் பை காலாவதியாகும் தேதி வரும். கூட்டுவதற்கு நிரல் மொழியிலேயே ஃபங்ஷன், அதாவது கணக்குப் போடும் ஆயத்தக் கட்டளை, தயாராக இருக்கிறது. ஆனால் தேதி கொஞ்சம் கோணலாக வந்தாலும் அது படுத்துவிடுகிறது.

மாலையில் அதைத் தூக்கிவிட்டு, மனிதரைப் போலப் பதில் எழுதும் ஏஐ மொழி மாதிரியிடம் வேலையைக் கொடுத்தேன். 'நீ ஒரு தேதிக் கூட்டல் ஃபங்ஷன். விடை மட்டும் சொல், வேறு பேச்சு வேண்டாம்.' ஐம்பது தேதி கொடுத்துப் பார்த்தேன். ஐம்பதும் சரி!

நானும் தங்கையும் மட்டுமே உள்ள எங்கள் கம்பெனியில் ஒருத்தி எழுதிய நிரலை மற்றவள் படித்த பிறகுதான் ரத்த வங்கிக்கு அனுப்புவோம். தங்கை காய்ச்சலில் படுத்திருக்கிறாள். அனுப்பிவிட்டேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 22

தங்கை வந்துவிட்டாள். "தேதித் தொல்லை எப்படிக்கா திடீர்னு நின்னுச்சு?"

"சரி பண்ணிட்டேன்" என்றேன். பொய் இல்லை. பொய் இல்லைதானே?

பிப்ரவரி 9

ஒரு புகாரும் இல்லை.

மார்ச் 4

காலையில் ரத்த வங்கி டெக்னீஷியன் போன் செய்தார். "மேடம், கையில ஒரு பை வெச்சிருக்கேன். ஜனவரி இருபது எடுத்தது. முகாம்லயே ஒட்டின லேபிள்ல மார்ச் மூணு, நேத்தோட முடிஞ்சது. உங்க திரை நாளைக்கு வரைக்கும் கொடுக்கலாம்ங்குது. எதை நம்பறது?"

"லேபிளை நம்புங்க. பையைத் தனியா எடுத்து வெச்சிடுங்க."

விரல் விட்டு எண்ணினேன். மூன்றுதான். பழைய ஃபங்ஷனை எடுத்து, இதுவரை பதிவான 1,140 பைகளையும் திரும்பக் கணக்கிட்டேன். ஏழு தப்பு. ஐந்துக்குத் தேதி முன்னதாக விழுந்திருந்தது, ஆபத்தில்லை. இரண்டுக்குப் பிந்தியிருந்தது. ஒன்று டெக்னீஷியன் கையில். இன்னொன்று — ஏற்கனவே யாருக்கோ ஏற்றியாகிவிட்டது.

யாருக்கு? எத்தனையாவது நாளில்? டெக்னீஷியனைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதாக அவர் போனை வைத்தார். நாற்பது நிமிஷம். ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்? ஐம்பது தடவை சரியா வந்தா அடுத்ததும் சரியா வரும்னு எவ சொன்னா? கூட்டுற மாதிரி பேசிச்சு. கூட்டுதுன்னே நம்பிட்டேன்.

போன் அடித்தது. "எடுத்த பத்தொன்பதாவது நாளே ஏத்திட்டாங்க மேடம். ஒரு குறையும் இல்ல. அந்தப் பேஷண்ட் நல்லபடியா வீட்டுக்குப் போயாச்சு."

மேசையில் தலையை வைத்து அழுதேன். தங்கை ஓடி வந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கூட்டத் தெரிஞ்சது பக்கத்துலேயே இருக்க, பேசத் தெரிஞ்சதைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னியா?" சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தப்பு யாருக்கும் வரும்க்கா. எங்கிட்ட ஏன் மறைச்ச?"



மார்ச் 5

இருவருமாக மருத்துவ அதிகாரியை நேரில் பார்த்தோம். "என் தப்பு டாக்டர்" என்று ஆரம்பித்தேன். "எங்க தப்பு" என்றாள் தங்கை, என்னைப் பார்க்காமலே. அவர் ஏழு பைகளின் பட்டியலை இரண்டு முறை படித்தார். "நீங்களா வந்து சொன்னீங்களே, அது போதும். எழுத்துல கொடுங்க."

படியிறங்கும்போது கால் தரையில் பாவியது போல இருந்தது.

மார்ச் 9

புது ஏற்பாடு: கோணல் தேதியைப் படிப்பது மட்டும் மாதிரியின் வேலை. அது படித்ததை ரத்த வங்கி ஊழியர் பார்த்துச் சரி என்ற பிறகே ஃபங்ஷன் கூட்டும். தங்கை வேலை விஷயம் மட்டும் பேசுகிறாள். ஜன்னல் பக்கம் தனியாகச் சாப்பிடுகிறாள்.

மார்ச் 10

எட்டு மணி நேரம் தூங்கினேன்.

மார்ச் 16

ஒரு வாரமாக லேபிள் தேதிகளையும் புது ஏற்பாடு தந்த தேதிகளையும் ஒப்பிட்டதில் ஒரு தேதிகூட முரண்படவில்லை. மதியம் தங்கை தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "தள்ளி உக்காரு. உன் டப்பால என்ன?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அதற்குள் கையை விட்டாள்.