மகாலில் பேச்சியிடம் சொல்லிவிட்டேன்

ஆசை அக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. உனக்குப் படிக்கத் தெரியாது. ஐந்தாவது வரை படித்தவள் நான்தான். இதை அங்கே யார் உனக்கு வாசித்துக் காட்டுவார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போய்த் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிப் பார்த்தோம். யுத்தம் முடிந்து கொழும்பிலிருந்து என் நாத்தனார் வந்திருக்கிறார். மகாலைப் பார்க்காமல் கப்பல் ஏற மாட்டேன் என்றார். என் வீட்டுக்காரர் சோழவந்தான் பள்ளிக்கூடத்து வாத்தியார். அரண்மனை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. என்னிடம் வளரும் உன் மகள் பேச்சி ரயில் ஏறும் சந்தோஷத்தில் எல்லோருக்கும் முன்னால் தலை பின்னிக்கொண்டு நின்றாள். நான் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் விடவில்லை.

அந்த அரண்மனைக்குள்தான் ஜில்லா கோர்ட்டு நடக்கிறது என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. அன்று விடுமுறை. "இன்னைக்குக் கோர்ட்டு இல்ல, எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாருங்க" என்று காவல்காரர் உள்ளே விட்டார்.

நாத்தனார் அண்ணாந்து பார்த்து, "ஆத்தாடி, எம்புட்டு உசரம்!" என்றார். மூன்று பேர் கைகோத்தாலும் அடங்காத தூண்கள், அக்கா. பேச்சி ஒரு தூணில் கன்னத்தை வைத்து, "மொழுமொழுன்னு இருக்கு சின்னம்மா" என்றாள். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே தூண்களுக்கு நடுவில் நம் அய்யா என்னை நடத்திக்கொண்டு போனார். அன்று இவை எதுவும் என் கண்ணில் படவில்லை. படிகளும், வெள்ளைக்கார ஜட்ஜின் சிவந்த முகமும், உன்னைக் கட்டிய மச்சான் கைகட்டி நின்றதும் மட்டும்தான் ஞாபகம்.

இவரும் நாத்தனாரும் மேலே இருக்கும் சிற்ப வேலையைப் பார்த்தபடி தள்ளிப் போய்விட்டார்கள். பேச்சி ஓடிப்போய் ஒரு மரக்கூண்டில் ஏறி நின்றாள்.

"இங்க நின்னு என்ன செய்வாங்க சின்னம்மா?"

"சாட்சி சொல்லுவாங்க."

"நீ சொல்லிருக்கியா?"

அவள் சும்மாதான் கேட்டாள்.

உனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஆத்தாளைப் பார்க்கப் போகணும் என்று கிணற்றடியில் கேட்டாய். மச்சான் வைதார். நீ திரும்பவும் கேட்டாய். அவர் உன்னைப் பிடித்துக் கிணற்றுக்குள் தள்ளினார். உன் வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்திருந்த நான் இரண்டு வயசுப் பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். கிராம முன்சீப்பிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது அய்யா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "போனவ போயிட்டா. அவன் தூக்குல தொங்குனா இந்தப் பச்சப்புள்ளைக்கு யாரு? தப்பிச்சா, புள்ளைய நம்மகிட்டயே விட்டுர்றேங்குறான்" என்றார்.

எனக்குப் பதினாறு வயது. அந்தக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்துவிட்டு, "நான் வீட்டுக்குள்ள இருந்தேன். அக்கா வழுக்கித்தான் விழுந்திருக்கும்" என்றேன். மச்சானை விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது மாட்டுவண்டியில் உன் பிள்ளை என் மடியில் தூங்கினாள். அய்யாவுக்குப் பயந்து சொன்னேனா? உன் பிள்ளை எனக்குக் கிடைப்பாள் என்று சொன்னேனா? இன்றுவரைக்கும் தெரியவில்லை, அக்கா.

இத்தனை நாளும் வாய்மூடி இருந்துவிட்டேன். இனிமேல் இருக்க முடியவில்லை. மச்சான் ஆள் அனுப்பியிருந்தார். தன் இரண்டாம் சம்சாரத்தின் தம்பிக்குப் பேச்சியைக் கட்டிவைக்கப் போகிறாராம். வியாழக்கிழமை வந்து கூட்டிப்போவாராம். பேச்சியும் துணிமணியை எடுத்து வைத்துவிட்டாள். திருவிழாவுக்கு ரிப்பனும் மிட்டாயும் கொண்டுவருகிற தன் அய்யாவை அவளுக்குப் பிடிக்கும்.

அதனால் அந்த மகாலிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கூண்டிலிருந்து இறங்கவே இல்லை. கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:

"அப்ப நீ பொய் சொன்னியா?"

"ஆமா."

"எங்கய்யாவுக்காகவா?"

"உனக்காகன்னு நெனச்சேன்."

"என்னைய எதுக்குச் சொல்ற?" என்றாள்.

ரயிலில் நாத்தனார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் இவரிடமும் சொன்னேன். மறுநாள் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். விடுதலையான கேஸை மறுபடி நடத்த முடியாதாம். பொய்ச்சாட்சி என்று என்மேல் வேண்டுமானால் வரலாமாம். "வந்தா வரட்டும். பாத்துக்கலாம்" என்றார்.

வியாழக்கிழமை மச்சான் வந்தார். பேச்சியே வாசலுக்குப் போனாள்.

"எங்காத்தாள நீ தள்ளிவிட்டியா?"

மச்சான் என்னைப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன். கண்ணால பாத்தேன்" என்றேன்.

"கோர்ட்டுல என்ன சொன்னேன்னு நெனப்பிருக்கா?"

"இருக்கு. அது பொய்."

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இரு, பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சி கேட்டதற்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்கா. அதை அவளும் கவனித்தாள்.

இனிமேல் வீட்டுவாசலை மிதிக்கக் கூடாது என்று நம் அய்யா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆத்தா அழுதுகொண்டிருக்கிறாளாம். பேச்சி இங்கேதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அன்றைக்குப் பிறகு என்னைச் சின்னம்மா என்று கூப்பிடவில்லை. இன்று காலையில் மட்டும், "எங்காத்தா பாட்டுப் பாடுமா?" என்று கேட்டாள். பாடும், ஆனால் தாளம் தப்பும் என்றேன். உள்ளே போய்விட்டாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்: உன்னைப் பற்றி அவள் எது கேட்டாலும், என்னைப் பற்றி எது கேட்டாலும், உள்ளதைச் சொல்வேன். அவள் கடைசிவரை என்னோடு பேசாமல் போனாலும் சரி, அவள் விரும்பாத இடத்துக்கு அவளை யாரும் கூட்டிப்போக விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ராக்கு