ஏரோப்ளேன் பெட்ரோல்

4-5-54, செவ்வாய்

கத்திரி ஆரம்பம். ஏழு மணிக்கே உப்பளத்தில் கண் கூசுகிறது.

ருக்குவுக்கு முதல் ஊசி. ஞாயிறன்று அவள் மணிக்கட்டில் கடித்த நாய் அப்புறம் அகப்படவே இல்லை. பிடித்துக் கட்டிப் போட்டிருந்தால் வெறியா இல்லையா என்று தெரிந்திருக்கும். இப்போது பதினாலு நாள், பதினாலு ஊசி, எல்லாம் வயிற்றில். ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார் டாக்டர்.

செங்கல்பட்டில் ஊசி காலை ஒன்பது வரைதான். மகாபலிபுரத்து முதல் பஸ் போய்ச் சேரவே பத்தரை. அதனால் என் மோட்டார் சைக்கிள்தான், பட்டாள ஏலத்தில் எடுத்தது. பெண்டாட்டியோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கலாம் என்று லீவு கேட்டேன். உப்பு வாருகிற நேரத்தில் சூப்பர்வைசருக்கு ஏது லீவு என்கிறார் முதலாளி.

6-5, வியாழன்

ஊசி 3. திருக்கழுக்குன்றம் தாண்டி ஏற்றத்தில் எஞ்சின் இடிக்கிறது. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே மெக்கானிக் காதர் பாய். டாங்கில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார்.

"எங்க வாங்கினே சார்?"

"எங்க ஊர்க் கடையில, டின்னுல."

"கிருஷ்ணாயில் கலந்துகினு கீறான். அமுக்கம் தாங்காம முன்னாடியே வெடிக்குது. இப்டியே ஓட்னா பிஸ்டன் பூடும்."

இனி செங்கல்பட்டு பங்க் பெட்ரோல் மட்டும். கடைக்காரனை நாளைக்குக் கவனிக்கணும்.

8-5, சனி

ஊசி 5. இடிப்பு நின்றது. ருக்குவுக்கு வயிறு கல் மாதிரி. மடியில் தலையணை வைத்துக்கொண்டு வருகிறாள். "பள்ளத்துல பாத்து வுடுங்க" என்பதோடு சரி.

வாங்க வேண்டியது: தே. எண்ணெய். பஞ்சு. பிளக் ஒன்று, மாற்றுக்கு.

9-5, ஞாயிறு

ஊசி 6. சாயங்காலம் ருக்குவின் அண்ணன் முனுசாமி லாரியில் வந்தான். இரண்டு டின் பெட்ரோல், பச்சை நிறம். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

"ஏரோப்ளேன்ல போடறது மச்சான். ஆக்டேன் நூறு. ஆகாசத்துல பறக்கறதுக்கே இதான்னா, உன் வண்டி இன்னா ஆவும் பாத்துக்கோ."

ருக்குவுக்காக ஓடுகிற வண்டி. இருப்பதில் உசத்தியானதே இருக்கட்டும் என்று ஊற்றினேன்.

10-5, திங்கள்

ஊசி 7. வண்டி பறந்தது. காதர் பாயிடம் பெருமையாகச் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை.

"ஆக்டேன்றது தாங்கற சக்தி சார், ஓட்ற சக்தி இல்ல. அது பெரிய எஞ்சினுக்கு. உங்க வண்டி சாது. அதுல ஈயம் ஜாஸ்தி, பிளக்ல படிஞ்சிக்கும். இறக்கிட்டு பங்க்ல போடு."

பங்க்காரன் இவருக்கு ஏதாவது கொடுப்பான் போல என்று நினைத்துக்கொண்டேன். மாற்று பிளக் மட்டும் வாங்கினேன்.

12-5, புதன்

ஊசி இல்லை.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் இரண்டு இருமல், வண்டி நின்றது. பிளக்கைக் கழற்றினேன். நுனியில் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஈயம். மாற்று பிளக் வீட்டில், ஜன்னல் மேல். ருக்கு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள், சுரண்டினேன். உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். அந்த வயிற்றோடு அவளும் தள்ளினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

பிறகு ஒரு விறகு வண்டியில் ஏறிப் போனோம். போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு. ஊசி போடும் அறை பூட்டியிருந்தது. பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு நாள்தானே. வுடுங்க" என்றாள்.

காதர் பாய் சொன்னதைக் கேட்காத முட்டாள் நான்.

13-5, வியாழன்

மாற்று பிளக்கை ராத்திரியே கொண்டுபோய்ப் போட்டு வண்டியை வீடு சேர்த்தேன். ஊசி 9. நேற்றே போட்டிருக்க வேண்டியது. ஒரு நாள் விட்டதால் என்ன ஆகும் என்று டாக்டரைக் கேட்டேன். "மிச்சத்தை விடாமப் போடுங்க" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை.

பச்சை பெட்ரோல் முழுவதையும் மணலில் கொட்டினேன். முனுசாமியிடம் சொல்லவில்லை. அவன் மேல் என்ன தப்பு.

18-5, செவ்வாய்

ஊசி 14. முடிந்தது. ருக்கு வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி நுங்கு வாங்கித் தின்றாள்.

2-6, புதன்

காற்று. உப்பு வாரல் பாதி.

நாய்க்கடி முற்றினால் தண்ணீர் இறங்காதாம். தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கிற மாதிரி உட்காருகிறேன். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. இன்றைக்கு ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"போதுமா?"

சிரித்தேன். பிறகு உப்பளத்துக்குப் போகிற வழியில் அழுதேன்.

12-6, சனி

கடித்த இடம் குறுகுறு என்கிறதாம். தழும்பு ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கு என்ன தெரியும்.

14-6, திங்கள்

மேகம், மழை இல்லை. ராத்திரி அவளுக்குக் காய்ச்சல்.

தண்ணீர் வைத்தேன். எடுத்தாள். உதடு வரைக்கும் போனது. தோள் தூக்கிப் போட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறமா குடிக்கிறேன். அத்த அந்தாண்ட எடுத்துனு போங்க."

எடுத்துக்கொண்டு போனேன்.

டாங்கில் பங்க் பெட்ரோல், முக்கால் அளவு. புது பிளக். ஒரே உதையில் வண்டி கிளம்பிவிட்டது.