இழுத்த தட்டு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். ஆமத்தூரில் பஸ் ஏறும்போதே முதுகு நனைந்துவிட்டது. இன்று கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மனு கொடுக்க வருகிறவர்களை வீடியோ எடுக்கணும். எடுப்பது முருகேசன் அண்ணன். என் வேலை ஸ்டாண்டு தூக்குவது, வயர் சுற்றுவது, மைக் மாட்டுவது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது. கடைசி வேலை மட்டும் எனக்கு வரவே இல்லை. வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.

மு. அண்ணன்: "ஏ ஜெபா, நீ சொல்றது ஒனக்காவது கேக்குதா?"

பையில் இன்று: பேட்டரி 3, கார்டு 2, லென்ஸ் துணி (கிழிந்தது), டேப், தயிர்சாதம்.

வேலைக்கு வந்து இரண்டு மாதம் முடிந்தது. மொத்தமே மூன்று மாதத் தற்காலிக வேலை. 31-ஆம் தேதியோடு சரி. எங்கள் பிரிவு மேடம் நீட்டிக்கச் சொல்லி எழுதினால் உண்டு. எனக்கு எதற்கு எழுதுவார்? பத்தாவதைப் பாதியில் விட்டவள். கையில் இருப்பது ஒரு வீடியோ பயிற்சிச் சான்றிதழ். மறுபடியும் அட்டைப்பெட்டி ஒட்டப் போகணும் என்று நினைத்தாலே விரலெல்லாம் பசை பிசுபிசுக்கிற மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். பட்டாசுத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் படம், எட்டு நிமிடம். எம். புதுப்பட்டி பக்கம் ஒரு கம்பெனியில், லீவு நாளில், வெடிமருந்து இல்லாத அறையில் எடுக்கணும். வரும் ஞாயிறு.

அம்மா வேலை பார்ப்பதும் பட்டாசுக் கம்பெனிதான், வேறொன்றில். சொன்னேன். "ஞாயித்துக்கிழமையா? அப்ப சர்ச்சு?" அவ்வளவுதான் கேட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேமரா அறைக்குள் வரக் கூடாது, வாசலுக்கு வெளியே நின்றுதான் எடுக்கணும் என்றார் மேனேஜர். சின்ன அறை, நாலு பக்கமும் கதவு, தரையில் ரப்பர் விரிப்பு. வாசலில் செம்புத் தகடு. அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க.

நடித்துக் காட்ட வந்தது பேச்சியம்மாள் அக்கா. அங்கேயே வேலை பார்ப்பவர். காட்டன் சேலை, வளையல் இல்லை, தலையில் கனகாம்பரம்.

"மருந்து இல்லாம வெறுந்தட்டை வச்சு வேலை பாக்கச் சொல்றீக. எனக்குச் சிரிப்பால்ல வருது."

பாதியில் மு. அண்ணன் முட்டிவலி என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "மிச்சத்த நீயே எடு பிள்ள. பட்டன் எங்க இருக்குன்னு தெரியும்ல?"

முதல் தடவை! கை வியர்த்து கேமரா வழுக்கியது.

அக்கா மருந்துத் தட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கணும். தூக்கினால் தட்டின் நிழல் முகத்தில் விழுகிறது. மூன்று தடவை எடுத்தும் அப்படித்தான். மேனேஜர் கேட்டுக்குப் போயிருந்தார். "அக்கா, தூக்காம அப்படியே ஒங்க பக்கம் இழுங்க" என்றேன். அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு இழுத்தார். வெயில் நேராக முகத்தில், கனகாம்பரத்தில். அம்புட்டு அழகு.

"அதான்க்கா!" என்று கத்திவிட்டேன் போல. மு. அண்ணன் மரத்தடியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 15, செவ்வாய்

எடிட்டிங். ஏசி ரூம் குளிரில் விரல் மரத்துப்போகிறது.

மேடம் பின்னால் நின்று பார்த்தார். அந்த ஷாட் வந்ததும், "இது யார் எடுத்தது?"

நான் கீபோர்டைப் பார்த்தேன். மு. அண்ணன்தான் சொன்னார். "நம்ம ஊமைதான் மேடம்."

மேடம் சிரித்தார்! பெரிய அதிகாரிக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. படமே அந்த ஷாட்டில்தான் ஆரம்பிக்கணுமாம். வெள்ளிக்கிழமை எம். புதுப்பட்டி சமுதாயக் கூடத்தில் தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டுகிறோம். மேடம் கிளம்பும்போது, "உன் நீட்டிப்புப் பேப்பரை எடுத்து வச்சிருக்கேன். படம் முடியட்டும்."

பஸ்ஸில் சீட் காலி இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அதே நாள், ஏழு மணி

மானிட்டரில் ஓடியதைப் போனில் பிடித்து வந்திருந்தேன், அம்மாவுக்குக் காட்ட. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்து, போனைத் தள்ளிப் பிடித்து, இரண்டு தடவை பார்த்தாள்.

"யாரு இவ, புதுசா வேலைக்கு வந்தவளா?"

"ஏம்மா?"

"தட்டை இழுக்காள்ல. மருந்து ஒரசித் தீப்பிடிச்சா என்னத்துக்கு ஆகும்? தூக்கித்தான வைக்கணும். இவளப் போயி படம் எடுத்திருக்காக பாரு."

போனைக் கொடுத்துவிட்டு மறுபடி வெங்காயம்.

எனக்கும் தெரியும். விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன். கேமரா வழியாகப் பார்த்தபோது வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

இழுக்கச் சொன்னது நான் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

மேகம். மழை இல்லை.

மு. அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "ரெண்டு செகண்டு ஷாட்டு. யாரு பாக்கப்போறா? பேப்பர்ல கையெழுத்து விழுற வரைக்கும் வாயத் தொறக்காத. மத்த நாளெல்லாம் அப்படித்தான இருக்க?" எனக்காகத்தான் சொல்கிறார். கெட்டவர் இல்லை.

யார் பார்க்கப்போகிறார்கள்? அம்மா பார்த்தாளே. அம்மா மாதிரி ஆட்கள்தான் பார்க்கப்போகிறார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களும் பார்ப்பார்கள். அரசாங்கப் படத்திலேயே இழுத்தால் இழுக்கலாம் என்றுதானே நினைப்பார்கள். நிஜத் தட்டில் மருந்து இருக்கும். பே. அக்காவையும் ஊரே கேலி பேசும்.

மேடம் ரூம் வாசல் வரை மூன்று தடவை. முதலில் உள்ளே ஆள். அடுத்து போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை சும்மாதான் இருந்தார்.

"என்ன ஜெபா?"

"லென்ஸ் துணி புதுசு வேணும் மேடம்."

கிடைத்தது. மஞ்சள் கலர்.

எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்த்தேன்.
அந்த ஷாட்டில் ஒரு சின்னத் தப்பு மேடம். (சின்னது இல்லை.)
அக்கா தெரியாம இழுத்துட்டாங்க. (பொய்.)
நான்தான் இழுக்கச் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

சொல்லிவிட்டேன். பத்து இருபதுக்கு. நின்றபடியே.

மேடம் ஷாட்டை நிறுத்தி வைத்துப் பார்த்தார்.

"நீ சொல்லித்தான் இழுத்தாங்களா?"

"ஆமா மேடம்."

"நாளைக்குப் போட்டுக் காட்டணும். இப்ப வந்து சொல்ற."

"செவ்வாக்கிழமையே தெரியும் மேடம்." இதை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பெரியவருக்கு நான் என்ன பதில் சொல்றது? சொல்லு." பிறகு, "சரி, வெட்டிரு. அந்த ஷாட்டே வேண்டாம்."

"வெட்டினா தட்டு தூக்குறது படத்துலயே இருக்காது மேடம். பின்னணிக் குரல்ல சொல்றது மட்டும்தான் இருக்கும், அத யாரும் கவனிக்க மாட்டாங்க. நாளைக்குக் காலையில வேலை தொடங்குறதுக்கு முன்னாடி போயி, தூக்கி வைக்கிற மாதிரி எடுத்துட்டு வந்துர்றேன்."

இந்த ஆபீஸில் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. வாய்க்குள்ளேயே நின்றுவிடும் என்று நினைத்தேன். ஆனால் வெளியே வந்தது.

மேடம் மேனேஜருக்குப் போன் போட்டார். காலை ஆறரை, அதே அறை, அரைமணி நேரம். பேப்பரைப் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.

மு. அண்ணன்: "கெடுத்தியே பிள்ள." டீ குடித்துவிட்டு வந்து: "ஜீப்ப எத்தனை மணிக்கு வரச் சொல்ல?"

ஜூலை 18, வெள்ளி

நல்ல காற்று. ஜீப் ஆமத்தூரில் என்னை ஏற்றிக்கொண்டது.

முதலில் பே. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ இழுங்கன்னு சொன்னப்பவே எனக்குத் திக்குன்னு ஆச்சு. வெறுந்தட்டுதானன்னு விட்டுட்டேன். கவர்மெண்டு ஆளுக வேற. எதுத்துப் பேசவா முடியும்?"

"நான் கவர்மெண்டு இல்லக்கா. மூணு மாசத்துக்குத்தான் வச்சிருக்காக."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட கழுத, இது தெரியாமப் போச்சே. அப்ப இன்னைக்கு நான் செய்றத எடு, சரியா?"

இரண்டு கையாலும் தூக்கினார். இறக்கி வைத்தபோது சத்தமே இல்லை. முகத்தில் நிழல் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்து கையை மட்டும், வாசலில் நின்றபடியே ஜூம் பண்ணி.

பதினொன்றரைக்குள் மாற்றியாச்சு. மேடம் பார்த்தார். "பழசு அழகா இருந்துச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதையே போடு. பெரியவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நாலரைக்குக் கூடம். வேலை முடிந்து நேராக வந்த பெண்கள், கழுத்தில் இன்னும் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப்பொடி. முறுக்கு, டீ. ஜன்னலை மறைக்கத் துணி போதாமல் ஓர் அக்கா தன் துண்டைக் கொடுத்தார். புரொஜெக்டர் என் பொறுப்பு. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா, மறைக்குது" என்று சொன்னேன். தள்ளி உட்கார்ந்தார்கள்.

படத்தின் முதல் ஷாட்டே அதுதான்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏ பேச்சி, மூஞ்சி என்னடி இம்புட்டுக் கருப்பாத் தெரியுது?"

கூடமே சிரித்தது. பே. அக்கா திரும்பாமலேயே: "மூஞ்சிய எதுக்குப் பாக்க? கையப் பாருடி."

பார்த்தார்கள். தட்டைத் தூக்கியதில் யாரும் தப்புச் சொல்லவில்லை. ஷாட் போய் அடுத்தது வந்தது.

மேடம் கிளம்பும்போது: "செவ்வாக்கிழமை தாயில்பட்டியில போட்டுக் காட்டுறோம். கூட்டம் ஜாஸ்தியா வரும், ஸ்பீக்கர் ரெண்டு எடுத்து வை." 31-ஐப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்பீக்கர் எடுத்து வைக்கச் சொன்னது என்னிடம்தான், மு. அண்ணனிடம் இல்லை.

இப்போது வீடு. ஆறேமுக்கால். தெருமுனையில் அம்மாவின் கம்பெனி வேன் ஹாரன். இழுக்கச் சொன்னது யார் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சிரிப்பாளா, திட்டுவாளா. வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். நோட்டை மூடிவிட்டுப் போய்ச் சொல்லணும்.