தட்டிக்கு இந்தப் பக்கம் வந்த நூல்

பொட்டலத்தைப் பிரித்ததும் வாசனைதான் முதலில் வந்தது. வலை நூலுக்குப் போடும் மரப்பட்டைச் சாயம், அதோடு கொஞ்சம் கருவாடு, கொஞ்சம் சுண்ணாம்பு. ஏழு வருஷம் ஆகியும் போகவில்லை. உன் தம்பி வாசற்படியிலேயே நின்றான், உள்ளே வா என்று எத்தனை சொல்லியும் வரவில்லை. "அக்கா போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி சொல்லுச்சு. டீச்சரக்கா சாமான் ஒண்ணு நம்ம வூட்ல ரொம்ப நாளா கீது, மறக்காம குட்துடுன்னு. அதான் எத்தாந்தேன்" என்றான். நீ கண்ணை மூடிப் பதினாறு நாள் ஆகிவிட்டது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். திருவொற்றியூருக்குள்ளேயே இருந்துகொண்டு தெரியாமல் இருந்திருக்கிறேன்.

டீச்சரக்கா சாமான். அப்படியா சொன்னாய்? ஏட்டி, நீ திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். சாமானென்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறாய் பார், இதை நான் எங்கே கொண்டு வைக்க?

நான் "ஏட்டி" என்றாலே நீ சிரிப்பாய். "இன்னாக்கா நீ, ஏட்டி பூட்டின்னுகினு" என்பாய். தெற்கேயிருந்து பருப்பு வியாபாரத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. உனக்குக் காலடிப்பேட்டைதான் பிறந்த மண். நான் டிரெயினிங் முடித்து வந்தவள், நாலாம் வகுப்பு டீச்சர், நிரந்தர வேலை. நீ டெம்பரவரி. ஐந்தாம் வகுப்பை உன்னிடம் கொடுத்ததே வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக நாலு வரி எழுதினால் உன் வேலை நிலைக்கும், இல்லையென்றால் வருஷக் கடைசியோடு சரி. உன் அம்மாவும் தம்பியும் உன் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். இது எல்லாமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்தக் கொட்டகை உனக்கு நினைவிருக்கும். ஒரே நீளக் கூடம், நடுவில் கழுத்தளவு மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். மறைக்கத்தான் தட்டி, சத்தத்தை அது எங்கே தடுத்தது? என் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிக்கும்போது உன் பக்கத்திலிருந்து சிரிப்பு வரும். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே நாற்பது தலையும் தட்டியின் பொத்தலைப் பார்த்துத் திரும்பும். நான் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவேன்.

முதலில் நீ செய்தது என்னவென்றே எனக்குப் புரியவில்லை. பழைய காலண்டர் அட்டைகளை நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தை எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டினாய். பெருக்கல். கழித்தல். வெயில். ஆறு. உப்பு. ரயில். செய்யுளில் வரும் நெய்தல் பூவுக்குக்கூட ஓர் அட்டை. குப்பத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கிழிசல் வலையின் நூலைக் கொண்டுவந்தார்கள். எந்தப் பிள்ளைக்காவது ஒரு பாடத்துக்கும் இன்னொரு பாடத்துக்கும் தொடர்பு தெரிந்தால் எழுந்து போய் இரண்டு அட்டைக்கும் நடுவே நூலைக் கட்டலாம். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாய். "சொல்லாம கட்டக் கூடாது." ஏன் கட்டுகிறேன் என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்ன பிறகுதான் முடிச்சு.

அந்த வள்ளியை மறக்க முடியுமா? வலைக்காரன் மகள், வீட்டில் கருவாடு காயப்போடுவார்கள், பரட்டைத் தலை, கழித்தல் கணக்கென்றால் அழுவாள். என் வகுப்பில் இருந்தபோது கடன் வாங்கிக் கழிப்பதை அவள் மண்டையில் ஏற்ற முடியாமல் நானே கைவிட்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் அவள் குரல் தட்டியைத் தாண்டிக் கேட்டது. "டீச்சர், ஒரு கூடை மீனு காஞ்சா அரைக் கூடைதான் டீச்சர் கீது. மிச்சத்த வெயிலு கழிச்சிகினு பூட்ச்சு." அப்புறம் உன் குரல்: "கட்டுடி என் தங்கம். கழித்தலுக்கும் வெயிலுக்கும் கட்டு." அந்த நூலிலிருந்து அடுத்த நூல் கிளம்பியது. வெயில் கழித்துக்கொண்டு போன தண்ணீர் எங்கே போனது என்று ஒருவன் கேட்க, மேகத்துக்கு ஒரு நூல், ஆற்றுக்கு ஒரு நூல். ரயில்வே கலாசி மகன் ஒருவன், அத்திப்பட்டிலிருந்து வரும் உப்பு வேகன் மழையில் நனைந்தால் எடை கூடுமா குறையுமா என்று கேட்டுவிட்டான். அன்றைக்குப் பூரா உன் வகுப்பில் அடிதடிதான். கடைசியில் கொட்டாங்கச்சியில் உப்பை வைத்து வெளியே மழைக்குக் காட்டிவிட்டு வந்தார்கள்.

என் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள், "டீச்சர், நாமளும் கயிறு கட்லாமா?" அவள் காதைத் திருகினேன். பாடம் நடத்த வக்கில்லாதவர்கள் கயிறு கட்டுவார்கள் என்று, உன் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

அதற்கு மறுநாள்தான் நீ தட்டியின் பொத்தல் வழியாக ஒரு நூலை என் பக்கம் தள்ளினாய். மறுமுனை உன் சுவரில் கழித்தல் அட்டையில் இருந்தது. "உன் பக்கம் இன்னா பாடம் ஓடுதோ அதுல கட்டுக்கா. நாலாங்கிளாசும் அஞ்சாங்கிளாசும் வேற வேற ஊரா இன்னா?" என்றாய். அந்த நுனி மூன்று மாதம் என் பக்கம் சும்மா தொங்கியது. யாரும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டிருந்தேன்.

உன் பேச்சுகூட எனக்கு ஆகாது. ஒருநாள் உன்னைத் தனியே கூப்பிட்டு, பிள்ளைகளை "கீது" என்று பேசவிடாதே, "இருக்கிறது" என்று திருத்து என்றேன். "எழுதறப்ப திருத்துறேன்க்கா. பேசறப்ப வுட்டுடு. கீதுன்னு சொல்றவனுக்கும் உப்பு கரிக்கத்தானே செய்யுது" என்றாய். கோபமில்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் நம் பள்ளிக்கூடம் படும் பாடு இருக்கிறதே, கல்யாண வீடு தோற்றுவிடும். சுண்ணாம்பு அடிப்பது, மாவிலை கட்டுவது, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உலகப் படம் இரவல் வாங்குவது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன்வரிசைக்குக் கொண்டுவருவது. பெரிய வாத்தியார் என்னிடம் வந்து, "சுவரெல்லாம் பளிச்சுனு இருக்கணும். அந்தக் கயித்துக் குப்பையை என்ன செய்யலாம்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க" என்றார். கேளுங்க என்றுதான் சொன்னார். நீ அன்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக மூன்று மணிக்கே கிளம்பிவிட்டாய். நீ கிளம்புமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீயே சுவரில் ஒட்டடை தட்டி, அட்டைகளை நேராக்கி, இன்னும் அழகாக வைத்திருப்பாய்.

பிள்ளைகள் போன பிறகு தட்டியைச் சுற்றிக்கொண்டு உன் பக்கம் வந்தேன். அதுவரை நான் உன் சுவரை முழுதாகப் பார்த்ததில்லை. எழுபது எண்பது நூல் இருக்கும். வலையாகவே ஆகியிருந்தது. நடுவில் நின்று பார்த்தால் எங்கே தொட்டாலும் வேறெங்கோ ஓர் அட்டை ஆடியது. நன்றாக இருந்தது, ஏட்டி. அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருஷம் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தவள் நான், ஒரு பிள்ளையும் எனக்கு இப்படி ஒரு சுவரைக் கட்டித் தந்ததில்லை.

பென்சில் சீவும் கத்தியை எடுத்தேன். அவிழ்க்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணி நாலரைதான், நேரம் நிறைய இருந்தது. முதலில் அறுத்தது என் பக்கம் தொங்கிய அந்த நூலை. மற்றதெல்லாம் சுருக்கவே முடிந்துவிட்டது. அட்டைகளோடு சுருட்டி, கிணற்றடிக் குப்பையில் போட்டேன். சுண்ணாம்புக்காரனிடம் சுவர் தயார் என்று நானே போய்ச் சொன்னேன்.

மறுநாள் நீ வருவதற்கும் இன்ஸ்பெக்டர் ஜீப் வருவதற்கும் சரியாக இருந்தது. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றாய். கேட்கக்கூட உனக்கு நேரமில்லை. அந்த மனிதர் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி என் நெஞ்சில் இன்றும் நிற்கிறது. "இங்கே ஏதோ நூல் கட்டிப் பாடம் நடக்குதுன்னு சொன்னாங்களே, எங்கேம்மா அது?" பெரிய வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. நீ சுவரைப் பார்த்தாய். அப்புறம் தட்டியின் மேலாக என்னைப் பார்த்தாய். நான் குனிந்து ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

"வெள்ளையடிக்கணும்னு எடுத்துட்டேங்க சார்" என்றாய்.

பாடக்குறிப்பைக் கேட்டார். உன் குறிப்பு நோட்டில் என்ன இருந்தது? 'வள்ளி, கழித்தல், வெயில்.' 'உப்பு, ரயில், மழை, பதில் தெரியவில்லை.' அந்தச் சுவர் இருந்தால்தான் அந்த நோட்டு பேசும். சுவர் போனபின் அது யாரோ கிறுக்கியது. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "முறைப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்று சொல்லி மூடினார். முன்வரிசையிலிருந்து வள்ளி எழுந்தாள். "சார், இங்கதான் சார் இருந்துச்சு, யாரோ..." என்று ஆரம்பித்தாள். நீ அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாய். அவ்வளவுதான், உன் வேலை போயிற்று. நான் வாயைத் திறந்திருந்தால் போயிருக்காது. சார், அது நேற்று வரை இருந்தது, நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஜீப் போனபிறகு வள்ளி ஆணியில் மாட்டியிருந்த ஒரு துண்டு நூலை எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தாள். வலைக்காரன் வீட்டுப் பெண்ணிடம் நூலைப் பற்றிப் பொய் சொல்ல முடியுமா? "டீச்சர், இது அவுத்தது இல்ல டீச்சர். அவுத்தா நுனி சுருண்டுகினு இருக்கும். இது கத்தி பட்ட நூலு. எங்க வூட்ல வலய யாரும் அறுக்கவே மாட்டாங்கோ, கெயவியாட்டம் குந்திகினு ஒவ்வொரு முடிச்சா அவுப்பாங்கோ" என்றாள். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். கத்தி என் பையில் இருந்தது. நீ அந்தத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வுடும்மா, பழைய நூலு" என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டதா உனக்கு?

வருஷக் கடைசியில் நீ போனாய். தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் ஐந்தாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஒருமுறை மாசித் திருவிழாவில் தேரடிக்குப் பக்கத்தில் உன்னைப் பார்த்தேன். கையெல்லாம் தீக்குச்சி மருந்து பட்டு வெடித்திருந்தது. "அக்கா, புள்ளைங்கோ நல்லா கீதா? எதுனா கேள்வி கேக்குதா?" என்றாய். அன்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. எனக்குத் தொண்டைக்கட்டு, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் நழுவினேன். அதுதான் கடைசி.

நேற்று அந்தப் பொட்டலத்தைத் தரையில் விரித்தேன். கிணற்றடிக் குப்பையிலிருந்து நீயேதான் பொறுக்கியிருக்கிறாய். அட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன, பிள்ளைகளின் கோணல் எழுத்தோடு. அறுந்த இடமெல்லாம் முடிச்சு. கம்பெனி விட்டு வந்து, வெடித்த விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எதற்கு எது என்று நினைவுபடுத்திச் சேர்த்திருக்கிறாய். எல்லாவற்றையும் சேர்த்த நீ ஒன்றை மட்டும் விட்டிருந்தாய். கழித்தல் அட்டையிலிருந்து கிளம்பும், பொத்தல் வழியாக என் பக்கம் நீ தள்ளிய அந்த நீள நூல். அதன் நுனி கத்தி பட்டபடி, சுருளாமல், அப்படியே இருந்தது. என் சாமான் எது என்று அப்போதுதான் புரிந்தது. உட்கார்ந்து அழுதேன், அழுது என்ன பிரயோசனம்?

இன்று காலை அந்த வலை முழுவதையும் கொண்டுபோய் ஐந்தாம் வகுப்புச் சுவரில் மாட்டினேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். குப்பத்துச் சிறுமி ஒருத்தி முடிச்சுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர் இவ்ளோ முடிச்சு? யாரு அறுத்தது?" என்றாள். நான் அந்த நீள நூலின் நுனியைக் கையில் பிடித்திருந்தேன். என் பாடம் எதிலாவது அதைக் கட்டலாம் என்று எடுத்தேன், ஆனால் உன் சட்டம் இருக்கிறதே, சொல்லாமல் கட்டக் கூடாது.

"நான்தான் அறுத்தேன்" என்றேன். "இந்த வகுப்பில் முன்னால் ஒரு டீச்சர் இருந்தாங்க. என்னைவிட நல்லா சொல்லிக் குடுத்தாங்க. அது பொறுக்காம அறுத்தேன். அதனால அவங்க வேலை போச்சு. அவங்க செத்துப்போய்ட்டாங்க."

அந்தச் சிறுமி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "அவங்க உசுரோட இருக்கசொல்லோ அவங்ககிட்ட சொன்னியா டீச்சர்?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நுனி இன்னும் கட்டாமல்தான் தொங்குகிறது, ஏட்டி. மணியடித்து எல்லோரும் போனபிறகும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நீ இருந்த ஏழு வருஷமும் நான் உனக்குத் தரவில்லை.